நகவெட்டிப் பலகை

— இல்லம்மா, நான் எடுத்துக் காட்ட மாட்டேன். எங் கடையில அது வழக்கமே கெடையாது. நீயே எடு, நீயே தொற, நீயே மூடு. பிரியலன்னா கேளு, வாயால சொல்றேன்.

— இன்னாங்கண்ணா இது, கூத்தா இருக்குது? திருவிழாவுக்குக் கொளத்தங்கரை மொத்தமும் கடை போட்டுகினு இருக்கானுங்க, கிட்டப் போனாலே தொடாத தொடாதன்னு கத்தறானுங்க. நீங்க இன்னாடான்னா குந்தின எடத்துலருந்து அசையாம என்னையே எடுக்கச் சொல்றீங்க.

— அவனுங்க விக்கிறது வளையலு, பொரி, கல்கண்டு. அதத் தொட்டுப் பாத்து இன்னா ஆவப் போவுது? இந்தக் கண்ணையன் கடைச் சாமான் அப்பிடி இல்ல. ஒவ்வொண்ணும் எவனோ ஒருத்தன் சோறு தண்ணி மறந்து யோசிச்சு யோசிச்சுச் செஞ்சது. அது உன் கைல வேலை செய்யணும். அப்பத்தான் அவன் மூளை இன்னான்னு உனுக்குத் தெரியும். தோ, அந்த வட்ட டப்பாவை எடு.

— இதுங்களா? குங்கும டப்பாவா?

— மூடியத் தொற. உள்ள கீற வளையத்தப் புடிச்சி மேல இழு. இன்னும் மேல. பயப்படாத, கழண்டு வராது. ஏம்மா, டப்பாவை முட்டியில இடுக்கிகினா இழுப்பாங்க? ஒரு கையால புடிச்சிகினு ஒரு கையால இழு.

— இருக்கட்டுங்கண்ணா, எனக்கு இப்பிடித்தான் வாகா இருக்குது. ஐய்ய! முருகா! டம்ளரு!

— டம்ளரேதான். பாத்தியா மூளையை! ஒண்ணுக்குள்ள ஒண்ணா வளையம். இழுத்தா ஒண்ணை ஒண்ணு கவ்விக்குது. மேலருந்து அமுக்குனா மறுபடியும் டப்பா. சட்டைப் பையில போட்டுகினு ரயில் ஏறலாம். மணவூர் டேசன்ல எறங்கி, கொழாயில தண்ணி புடிச்சிக் குடிச்சிட்டு, மறுபடியும் பைக்குள்ள போட்டுக்கலாம்.

— ஒழுவாதுங்களா?

— பக்கத்துல சொம்புல தண்ணி கீது. ஊத்திப் பாரு.

— சொட்டு கூட ஒழுவல! இத்தினி வளையம் இருக்குது, எதுலயும் ஒழுவலியே. யாருங்கண்ணா இதச் செஞ்சது?

— ஜெர்மன்காரன்னு ஒருத்தன் சொன்னான். ஜப்பான்காரன்னு இன்னொருத்தன் சொன்னான். ரெண்டு பேர் கூடவும் நம்ம சர்க்காருக்குச் சண்டை. அதனால நான் பம்பாய்ச் சரக்குன்னு சொல்லிகினு கீறேன்.

— நல்ல ஆளுங்க நீங்க! ஆடி மாசப் புழுக்கத்துல எடது தோள்ல இத்தாம் பெரிய துண்டப் போத்திகினு குந்தியிருக்கீங்களே, வேர்க்கலீங்களா?

— எனக்குக் குளிர் ஜுரம். அத உடு. அந்தப் பித்தளைக் கட்டையை எடு, கயிறு தொங்குதே, அது. அது இன்னா சொல்லு பாக்கலாம்.

— வெளக்குங்களா?

— நெருப்புப் பொட்டி.

— குச்சியக் காணமே?

— குச்சியே வேணாம். மேல சின்னதா சக்கரம் கீதா? கட்டை வெரலால சர்ருனு கீழ தள்ளு.

— பெட்ரோலு ஊத்தணுமேங்கண்ணா இதுக்கெல்லாம்? பஸ்ஸுக்கே பெட்ரோலு இல்லாம பின்னால அடுப்பக் கட்டிகினு கரியில ஓட்டறானுங்க. நான் எங்க போவேன்?

— அங்கதான் நீ ஏமாந்த. பெட்ரோல் குடிக்கிறது வேற ரகம். இதுல கீறது வெறும் பருத்திக் கயிறு. பொறி வுழுந்தாப் போதும், முனை கனிய ஆரம்பிக்கும். காத்து அடிச்சா அணையற நெருப்பத்தானே நீ பாத்துருக்க? இது காத்து அடிக்க அடிக்க இன்னும் நல்லாக் கனியும். அணைக்கணும்னா கயித்தக் கீழ இழுத்து மூடிடு, மூச்சு முட்டித் தானே அடங்கிடும். மழையில, ரயில் பெட்டியில, மலை மேல, எங்க வேணும்னாலும் பீடி பத்த வெக்கலாம்.

— வந்துடுச்சிங்கண்ணா! பொறி வந்துடுச்சி! ஒத்தக் கையாலயே ஆவுதே! இத மொதல்ல எடுத்து வெய்யுங்க. வெலை இன்னான்னு கூட நான் கேக்கல.

— எம்மா! நிறுத்து! இன்னா பண்ணிகினு கீற நீ?

— இன்னாங்க?

— எடது கை! நானும் அப்பலருந்து பாக்கறேன். டப்பாவையும் எடது கையாலதான் தொறந்த, சொம்பையும் எடது கையாலதான் எடுத்த, இப்ப இதையும். காலைல கடை தொறந்து இன்னும் போணி ஆவல. மொதக் கிராக்கி நீ. மஞ்சள் பூசி, பூ வெச்சிகினு மகராசியா வந்து நிக்கிறியே, பரணி அன்னிக்கு நல்ல போணின்னு மனசுக்குள்ள சந்தோசப்பட்டேன். நீ இன்னாடான்னா எடது கையாலயே என் கடைய மொழுவிகினு கீற. இதுக்கு நான் பேசாம மூட்டையக் கட்டிகினு அடுத்த பஸ்ஸப் புடிக்கலாம்.

— கோவிச்சிக்காதீங்கண்ணா.

— கோவம் வராம? வலது கை இன்னா, சாமிக்கு நேந்து உட்டுட்டியா? முந்தானைக்குள்ள ஒளிச்சி வெச்சிகினு!

— ஒளிக்கலீங்க, கட்டி வெச்சிருக்கேன். தோ பாருங்க. முந்தானையால சுத்தி இடுப்புல சொருவியிருக்கேன், மறந்து போய் நீட்டிடக் கூடாதுன்னு.

— எதுக்கும்மா?

— எங்க வூட்டுக்காரருக்கு வலது கை இல்லீங்க.

— அதுக்கு நீ ஏம்மா கட்டிக்கணும்?

— எது அவரால முடியும், எது முடியாதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? அதான் இப்பிடி வந்தேன்.

— குந்தும்மா. அந்தச் சாக்கை இழுத்துப் போட்டுகினு குந்து. எப்பிடி ஆச்சு?

— அவுரு என் மாமன் மவன். பாவான்னுதான் கூப்புடுவேன். பங்குனியில திருவாலங்காட்டாண்ட கரும்பு ஆட்டறதுக்குப் போயிருந்தாரு. மாடு சுத்துற இரும்பு ஆலைங்க. கரும்ப உருளைக்குக் குடுத்துகினே பக்கத்துல ஒருத்தர் கூட சிரிச்சிப் பேசிகினு இருந்தாராம். கரும்பு போன வழியில கையும் போயிடுச்சி. மாட்ட நிறுத்தறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிபோச்சி. பட்டணத்து ஆஸ்பத்திரியில மணிக்கட்டுக்கு மேல எடுத்துட்டாங்க.

— உசுரு தங்குச்சே.

— உசுரு தங்குச்சிங்க. ஆனா வூட்டுக்கு வந்தவரு இன்னும் வாசப்படி தாண்டல. தோ, எதிர்ல பச்ச ஜன்னல் வூடு தெரியுதுங்களே, அதான் எங்க வூடு. அந்த ஜன்னலாண்டயே குந்திகினு தெருவையே பாத்துகினு இருப்பாரு. நான் பேசுனா ஆங்பாரு, ஊம்பாரு. அவுரா வாயத் தொறந்து கூப்புட மாட்டாரு. எடது கையால சோறு துன்றத யாராவது பாத்துடுவாங்களாம். கடையில ஒரு சாமான் வாங்கணும்னா எடது கையத்தான் நீட்டணும். யாருங்க வாங்கிக்குவா? நீங்களே இப்ப இன்னா பேசுனீங்க?

— பேசுனேன். தப்புதான் தங்கச்சி. நான் பேசியிருக்கவே கூடாது.

— உங்களச் சொல்லிக் குத்தமில்லீங்க. ஊரே அப்பிடித்தானே? வருசா வருசம் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுக்கறவரு அவுரு. எங்க கல்யாணத்துக்கு முன்னாடிலருந்தே. நாளைக்குக் கிருத்திகை, காவடி இன்னும் பரண் மேல கெடக்குது. எடுக்கலன்னா சாமி ஒண்ணும் கண்ணைக் குத்திடாது, அது எனக்குத் தெரியும். இந்த வருசம் மலை ஏறலன்னா அவுரு எந்த வருசமும் ஏற மாட்டாரு. அந்த ஜன்னலாண்டயே கெழவனா ஆயிடுவாரு. அதாங்கண்ணா எனக்கு பயம்.

— அழாத. சாமானப் பாப்போம். நீ இப்ப கைல எடுத்து வெச்சிருக்கிற அந்த ஊக்கக் கீழ போடு.

— ஏங்க? நல்லா இருக்குதே. முள்ளு குத்தாம இருக்க அதுக்கே ஒரு வூடு கட்டி வெச்சிருக்கான்.

— செஞ்சவன் நல்ல மூளைக்காரன்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அவன் ரெண்டு கை கீறவனுக்குச் செஞ்சது அது. துணியப் புடிக்க ஒண்ணு, குத்த ஒண்ணு வேணும். உன் வூட்டுக்காரரு குத்திகினு ரத்தம் வந்து தூக்கித்தான் போடுவாரு. சட்டைக்கு இன்னா பண்றாரு?

— நான்தான் பித்தான் போட்டு உடறேன். அப்ப மொகத்த அந்தாண்ட திருப்பிக்குவாரு.

— திருப்பிக்கத்தான் தோணும். அதுக்கு இந்தத் தகரப் பித்தான எடு. ஒரு பக்கம் குமிழு, ஒரு பக்கம் குழி. குழிக்குள்ள தலைமுடி கணக்கா ரெண்டு கம்பி கீது, பாரு. அமுக்கு.

— டிக்குன்னுது.

— அந்தச் சத்தம் வந்தா மாட்டிகிச்சின்னு அர்த்தம். குனிஞ்சி பாக்கவே வேணாம். இதச் சட்டைக்கு உள்பக்கமா தச்சிடு. பழைய பித்தானையும் பிச்சிடாத, அத வெளிய சும்மா அழகுக்குத் தச்சி உட்டுடு. பாக்கறவன் கண்ணுக்கு நல்லாப் பித்தான் போட்ட சட்டையாட்டம் இருக்கும்.

— ஐய்ய, இது நல்லா இருக்குதே! யாருக்கும் தெரியாது!

— வெத்தலை போடுவாரா?

— முன்ன போடுவாரு. சுண்ணாம்பு தடவ வெத்தலையப் புடிச்சிக்க இன்னொரு கை வேணுமேங்க. நான் மடிச்சிக் குடுத்தா வேணான்றாரு.

— அந்த மரக் கவ்வுகோல எடு. ரெண்டு துண்டு கட்டை, நடுவுல ஒரு சுருள் கம்பி. அவ்ளோதான். ஆணி கெடையாது, பசை கெடையாது. அமுக்குனா வாயத் தொறக்கும், உட்டா கவ்விக்கும். தொரைமாருங்க வூட்டுல துணி காயப் போடறதுக்கு வெச்சிருக்கானுங்க. துணி காத்துல போவாம இருக்கணும், அத்தத்தான் அவன் யோசிச்சான். நீ இத ஒரு பலகையில அடிச்சி அவரு பக்கத்துல வெச்சிடு. வெத்தலையக் காம்போட கவ்விக்கும், அவுரு நிம்மதியாச் சுண்ணாம்பு தடவிக்கலாம். கடுதாசி எழுதணும்னாலும் காயிதத்தக் கவ்விக்கும்.

— வேட்டி கட்டறதுக்கு எதுனா இருக்குதுங்களா?

— வேட்டிக்குச் சாமானே வேணாம். செவுத்துல சாஞ்சி நின்னுகினு, ஒரு முனையை இடுப்புக்கும் செவுத்துக்கும் நடுவுல வெச்சி அமுக்கிக்கணும். இன்னொரு முனையச் சுத்திகினு வந்து சொருவிடலாம். மொத கொஞ்ச நாளு அவுந்து அவுந்து வுழும். அப்ப நீ பக்கத்துல நிக்காத. அவரு திட்டுவாரு, செவுத்த ஒதைப்பாரு, நீ உள்ள போய் அடுப்பப் பாத்துகினு இரு.

— செவுரையே ஒரு கையா வெச்சிக்கணும்ங்கறீங்க.

— செவுரு ஒரு கை, முட்டி ஒரு கை, பல்லு ஒரு கை. தேடுனா ஒடம்பு முழுக்கக் கை கீது.

— உங்களுக்கு எப்பிடிங்கண்ணா இதெல்லாம் தெரியும்?

— ஊரு ஊராப் போறவன். யார் யாரோ சொல்லக் கேட்டதுதான்.

— ஆங். அந்தக் கோணிக்குக் கீழ இன்னாங்க, பலகை மாதிரி நீட்டிகினு இருக்குது?

— அது விக்கிறதுக்கு இல்ல.

— எல்லாத்தையும் நீயே எடுன்னு சொன்னீங்களே?

— ...சரி, எடு.

— இதென்னாங்க, நகவெட்டியப் பலகையில வெச்சி அடிச்சிருக்குது? அது மேல கரண்டிக் காம்பாட்டம் ஒரு கட்டை வேற.

— அந்தக் கட்டை மேல முழங்கையால அமுக்கிப் பாரு. உன் வலது கைதான் கட்டிக் கெடக்குதே, முழங்கை சும்மாத்தானே கீது? எடது வெரல வெட்டு வாயில வெய்யி. பையப் பைய.

— டக்குன்னு வெட்டிடுச்சி! ஒழுங்கா, பிசிறில்லாம! அண்ணா, எனக்கு இது தோணவேயில்லீங்க. மத்ததெல்லாம் யோசிச்சேன், நகம் தோணவேயில்ல.

— ரெண்டு கை கீறவங்களுக்குத் தோணாது. ஒத்தக் கைக்காரன் சோறு துன்னுடுவான், குளிச்சிடுவான், துணி தொவைச்சிடுவான். மிச்சம் கீற அந்தக் கையோட நகத்த வெட்டறதுக்கு மட்டும் அவனுக்கு இன்னொரு கை கெடையாது. அதுக்காக ஒருத்தன் முன்னால போய்க் கைய நீட்டிகினு நிக்கணும். நகம் தானே, சின்ன விசயம். ஆனா அதுலதான் மனசு ஒடையும்.

— இத யாருங்க செஞ்சது? இதுவும் ஜெர்மன்காரனா?

— ரங்கூன்ல கப்பலுக்குச் சரக்கு ஏத்திகினு இருந்த நம்ம ஆளு ஒருத்தன். குண்டு போட்ட அன்னிக்குத் தொறைமுகத்துல இருந்தான். அப்புறம் காட்டு வழியா நடந்தே ஊரு வந்து சேந்தான்.

— இப்ப எங்க இருக்காரு அவுரு?

— எங்கியோ கீறான். நீ அந்தப் பலகைய எடுத்துகினு போ.

— விக்கிறதுக்கு இல்லன்னீங்க.

— விக்கல, குடுக்கறேன். இன்னொண்ணு செஞ்சிக்கலாம்.

— அண்ணா, நான் சொல்றேன்னு நெனைக்காதீங்க. டம்ளரு, நெருப்புப் பொட்டி எல்லாத்தையும் உட இதாங்க உங்க கடையில ஒசத்திச் சாமான்.

— அதவிட ஒசத்தியா ஒண்ணு உன் வூட்டுப் பரண் மேல கெடக்குது.

— காவடிங்களா?

— காவடிதான். அந்த வில்லு வளைவு எதுக்குன்னு யோசிச்சிருக்கியா? அழகுக்குன்னுதான் எல்லாரும் நெனைச்சிகினு கீறோம். பூவு, மயிலறகு எல்லாத்தையும் ரெண்டு பக்கமும் சமமாத் தொங்க உட்டு, பாரத்தக் கீழ எறக்கி வெச்சிருக்கான். தோள்ல குந்திடுச்சின்னா, நீ எப்பிடி ஆடுனாலும் அது திரும்ப நடுவுக்கு வந்துடும். நாளைக்கு ஆடறவனுங்க கைய மட்டும் பாரு. ஒரு கை சும்மா காவடியத் தொட்டுகினு இருக்கும், இன்னொண்ணு வேலையே இல்லாம ஆடிகினு இருக்கும். எந்தக் காலத்துல எந்தத் தச்சன் யோசிச்சானோ! டம்ளர் செஞ்சவன் வந்து அவன் கால்ல வுழணும்.

— அப்ப ஒத்தக் கை போதுங்களா?

— ஏறிட்டா ஒத்தக் கையே அதிகம். தூக்கித் தோள்ல வெக்கறதுக்குத்தான் ஆளு வேணும்.

— அதாங்க கஷ்டம். வூட்டுல நானும், கண்ணு தெரியாத மாமியாரும்தான். பொம்பளை தூக்கி வெக்க அவுரு ஒத்துக்க மாட்டாரு. கூட்டாளிங்களக் கூப்புட மாட்டாரு. அய்யோ பாவம்னு பாப்பானுங்களாம், அந்தப் பார்வை வேணாங்கறாரு. சரி, இந்தாங்க, எவ்ளோ ஆச்சின்னு எடுத்துக்கங்க. ஓட்டைக் காலணாவாத்தான் இருக்குது, நூல்ல கோத்து வெச்சிருக்கேன்.

— சர்க்காரு செஞ்சதுல உருப்படியான சாமான் இது ஒண்ணுதான். செம்பும் மிச்சம், கோத்தும் வெச்சிக்கலாம்.

— இருங்க, வலது கைய அவுத்துட்டுக் குடுக்கறேன். போணியாச்சே.

— வேணாம். எடது கையாலயே குடு. நான் வாங்கிக்கறேன். இன்னிக்கு போணி அப்பிடியே ஆவட்டும்.

— ...நல்லா இருக்கணுங்கண்ணா நீங்க. இதெல்லாத்தையும் ஒரு துணியில மூட்டை கட்டிக் குடுங்க, போறேன்.

— துணி தோ கீது. நீயே கட்டிக்க. எங் கடையில வாங்கறவங்களேதான்...

— நான் ஒரு கையக் கட்டிகினு இருக்கேனே, எப்பிடி முடிச்சிப் போடுவேன்? நீங்க போடுங்க.

— அது வந்து, தங்கச்சி...

— ஆங். வாங்கறவங்களே எடுக்கணும், வாங்கறவங்களே தொறக்கணும். எல்லாத்தையும் நானேதான் எடுத்தேன், நானேதான் தொறந்தேன். உங்க தோள்ல இருக்கிற துண்டை மட்டும் நீங்கதாங்கண்ணா எடுக்கணும்.

— எப்ப தெரிஞ்சிது உனுக்கு? நகவெட்டியப் பாத்தப்பவா?

— இங்க வர்றதுக்கு முன்னாடியே தெரியும்.

— போன மாசம் கனகம்மாசத்திரத்துல கடை போட்டிருந்தேன். காலங்காத்தால மொண்டிக் கையில முழிச்சா வெளங்குமான்னு ஒருத்தன் என் கண்ணு முன்னால எச்சி துப்பிட்டுப் போனான். அன்னிலருந்துதான் இந்தத் துண்டு. அப்பிடிப்பட்டவன் நான், போணி கெட்டுச்சின்னு உன்னைத் திட்டுனேன் பாரு. என் வாயில மண்ணைத்தான் போடணும்.

— அத உடுங்கண்ணா. நேத்து சாயங்காலம் கரி பஸ்லருந்து மூட்டையோட எறங்குனீங்களே, துண்ட அப்பிடி வெச்சிட்டு, கயித்தப் பல்லால கடிச்சிகினு, மூங்கிலக் கால் வெரலால புடிச்சிகினு, ஒத்தையா இந்தக் கூடாரத்தக் கட்டுனீங்க. யாரும் பாக்கலன்னுதானே நெனைச்சீங்க? பச்ச ஜன்னல்லருந்து அவுரு பாத்துகினு இருந்தாரு. 'கெங்கம்மா, ஓடியா, இந்த ஆளப் பாரு'ன்னு கூப்புட்டாரு. பங்குனிக்கு அப்புறம் அவுரா என் பேரச் சொல்லிக் கூப்புட்டது அதான் மொத தடவ. வெளக்கு வெக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் உங்களையேதான் பாத்துகினு இருந்தோம். சாமான் வாங்க நான் வரலீங்கண்ணா. உங்களப் பாக்கத்தான் அனுப்பிச்சாரு.

— அந்த ஜன்னலா? நான் அப்பலருந்து பாக்கறேன், அங்க யாரையும் காணமே.

— காணமா? எங்க போயிட்டாரு... முருகா! அண்ணா, சட்டுனு திரும்பிடாதீங்க. உங்களுக்குப் பின்னால, அந்தப் பூக்கூடைங்களாண்ட, தலையில முக்காடு போட்டுகினு, பரண் மேல கெடந்த காவடிய எடது கையால புடிச்சிகினு நிக்கறாருங்க. தோள்ல ஏத்தி வெக்க அவுருக்கு வலது கைதான் கொறையுது. எழுந்து வாங்கண்ணா.